நிறைவுறாத நான்கு தடங்கள்: ‘ரிமெய்ன் இன் லைட்’ ஆல்பமும் அதன் மறுவெளியீடு திறந்துவைத்த வரலாறும்

முன்னுரை

நியூயார்க்கின் டாக்கிங் ஹெட்ஸ் குழு 1977 முதல் 1988 வரை எட்டு ஸ்டூடியோ ஆல்பங்களை வெளியிட்டு 1991இல் கலைந்தது. 2005இல் அந்த எட்டும் புதிதாக ஒலிச்சீர் செய்யப்பட்டு ஒரே வெள்ளைப் பெட்டியில் வெளிவந்தன. 2006இல் தனித்தனி வட்டுகளாகவும் கடைக்கு வந்தன. அவற்றுள் நான்காவது ஆல்பம் ‘ரிமெய்ன் இன் லைட்’. 1980 அக்டோபர் 8இல் அது முதன்முதலாக வெளியானபோது அதில் எட்டுப் பாடல்கள் இருந்தன. மறுவெளியீட்டில் பன்னிரண்டு தடங்கள் உள்ளன. கூடுதலாக வந்த நான்கும் 1980 கோடையில் ஸ்டூடியோவில் வாசித்துப் பார்த்து அப்படியே விடப்பட்டவை. ‘ஃபெலாஸ் ரிஃப்’, ‘யூனிசன்’, ‘டபுள் குரூவ்’, ‘ரைட் ஸ்டார்ட்’ என்ற பெயர்களோடு, நிறைவுறாதவை என்ற குறிப்பையும் சுமந்துகொண்டு அவை அச்சேறின.

மறுவெளியீடுகளில் சேர்க்கப்படும் கூடுதல் தடங்களைப் பழைய தட்டை இரண்டாம் முறை வாங்கவைக்கும் கொசுறாகவே பலரும் பார்க்கிறார்கள். இந்த நான்கையும் அப்படிப் பார்க்க முடியாது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒரு நூலின் கையெழுத்துப் படிகளும் பாடபேதங்களும் கிடைக்கும்போது, அச்சு நூலைப் பற்றி அதுவரை சொல்லிவந்த கதையை ஆய்வாளர் திருத்தி எழுத நேர்கிறது. ‘ரிமெய்ன் இன் லைட்’ விஷயத்திலும் அதுவே நடந்தது. இந்த இசையை உண்மையில் ஆக்கியவர்கள் யார், இது யாரிடம் கடன்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் 1980 உறை தந்த விடை அரைகுறையானது. கால் நூற்றாண்டு கழித்து வந்த மறுவெளியீடு அந்த விடையை முழுமையை நோக்கி நகர்த்தியது. அந்த நகர்வை, குழுவின் தோற்றத்திலிருந்து தொடங்கி இக்கட்டுரை தடம்பிடிக்கிறது.

ஓவியப் பள்ளியிலிருந்து பவரி தெருவுக்கு

டேவிட் பர்ன், கிறிஸ் ஃபிரான்ட்ஸ், டீனா வேமத் மூவரும் 1970களின் தொடக்கத்தில் பிராவிடன்ஸ் நகரின் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியில் அறிமுகமானவர்கள். 1974இல் நியூயார்க் வந்து ஒரே மாடியில் ஒன்றாகத் தங்கி ஒத்திகை பார்த்தார்கள். பர்ன் பாட்டும் கிட்டாரும், ஃபிரான்ட்ஸ் டிரம்ஸ். வேமத் குழுவுக்காகவே பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டார். 1975 ஜூனில் பவரி தெருவின் சிபிஜிபி மன்றத்தில், ரமோன்ஸ் குழு மேடையேறுவதற்கு முன்னோடியாக அவர்களது முதல் நிகழ்ச்சி நடந்தது. 1977இல் ஜெர்ரி ஹாரிசன் கீபோர்டும் கிட்டாருமாக வந்து சேர்ந்தபோது குழு நால்வரானது.

அந்த மன்றத்தில் அப்போது பங்க் இசை கொதித்துக்கொண்டிருந்தது. கிழிந்த உடை, மூன்று சுரக்கூட்டு, இரண்டு நிமிடப் பாட்டு, ஆத்திரம் ஆகியவையே அதன் அடையாளங்கள். டாக்கிங் ஹெட்ஸ் அலுவலகத்துக்குப் போகிறவர்களைப் போல உடுத்திக்கொண்டு, பதற்றமான குரலில், வறண்ட கிட்டார் ஒலியோடு, கட்டடங்களைப் பற்றியும் உணவைப் பற்றியும் பாடியது. பங்கின் சிக்கனத்தை எடுத்துக்கொண்டு அதன் ஆத்திரத்தைக் கழித்த இத்தகைய குழுக்களுக்குத்தான் பிறகு ‘நியூ வேவ்’ என்ற பெயர் வந்தது. ஓவியப் பள்ளிப் பயிற்சி இவர்களுக்கு ஒரு மனப்பாங்கைத் தந்திருந்தது. பாட்டை உள்ளத்திலிருந்து பொங்கி வழியும் ஒன்றாக இவர்கள் நினைக்கவில்லை. ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அந்த விதிக்குள் எதைச் செய்ய முடியும் என்று பார்க்கும் வேலையாக நினைத்தார்கள். பிற்காலத்தில் ‘ரிமெய்ன் இன் லைட்’ பதிவுக்காக பஹாமாஸின் நாசோ நகரில் நடந்த சோதனைக்கு வேர் இந்த மனப்பாங்கே.

இன்னொரு வேர் நடனம். ஃபிரான்ட்ஸும் வேமத்தும் கறுப்பின அமெரிக்க ஃபங்க், சோல் இசையில் ஊறியவர்கள். 1978இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் ஆல் கிரீனின் பாட்டு ஒன்றைக் குழு தனக்கே உரிய நிதானத்தில் பாடி, முதன்முறையாகப் பரவலான கவனத்தைப் பெற்றது. தாளத்தில் பிடிப்புள்ள இருவர், சொல்லில் பிடிப்புள்ள ஒருவர், இரண்டுக்கும் பாலமாக ஹாரிசன் என்று குழுவின் அமைப்பு நிலைபெற்றது. இந்த அமைப்புக்குள் இருந்த இழுபறியே ‘ரிமெய்ன் இன் லைட்’ ஆல்பத்தின் ஆற்றலாகவும் பின்னர் அதன் மனக்கசப்பாகவும் மாறியது.

ஈனோவும் லாகோஸ் ஒலியும்

ஆங்கில இசைக்கலைஞரும் தயாரிப்பாளருமான பிரையன் ஈனோவைக் குழு 1977இல் லண்டனில் சந்தித்தது. அதே ஆண்டில் அவர், குழுவின் பெயரிலுள்ள எழுத்துகளை இடம்மாற்றி ஒரு பாட்டுக்குத் தலைப்பாக வைத்தார். அடுத்த மூன்று ஆல்பங்களுக்கும் அவரே தயாரிப்பாளர். அந்தச் சந்திப்பின்போது அவர் போட்டுக் காட்டிய தட்டுகளில் ஒன்று, நைஜீரியாவின் ஃபெலா குட்டி 1973இல் வெளியிட்ட ‘அஃப்ரோடிசியாக்’.

அந்தத் தட்டு இந்த வரலாற்றின் திருப்புமுனை. அதில் நான்கே பாட்டுகள். ஒவ்வொன்றும் மேற்கத்திய வானொலிப் பாட்டைவிட மிக நீளம். டோனி ஆலனின் டிரம்ஸ் ஒரு தறியைப் போல ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் கிட்டார்களும் காற்றுக்கருவிகளும் சின்னச் சின்னத் துண்டுகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். எந்தத் துண்டும் தனித்து நின்றால் பெரிதாகத் தோன்றாது. பின்னிக்கொள்ளும்போது உடலை அசைக்கும் துணி ஆகிவிடும். ஃபெலா இந்த வடிவத்துக்கு ‘ஆஃப்ரோபீட்’ என்று பெயரிட்டார். மேற்கு ஆப்பிரிக்காவின் ஹைலைஃப், யொரூபா தாள மரபு, ஜாஸ், ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்க் ஆகியவை அதில் கலந்திருந்தன. 1969இல் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது கறுப்பின உரிமை இயக்கத்தின் சிந்தனைகள் அவரை மாற்றின. நாடு திரும்பிய பிறகு அவரது பாட்டு இராணுவ ஆட்சியை நேருக்கு நேர் எதிர்த்தது. அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1977 பிப்ரவரியில் படையினர் லாகோஸில் அவரது ‘கலகுட்டா’ வளாகத்துக்குள் புகுந்து எரித்தார்கள். அவருடைய தாயார் ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டி சன்னலுக்கு வெளியே வீசப்பட்டார். அந்தக் காயத்தின் தொடர்ச்சியாக மறு ஆண்டு இறந்தார். நியூயார்க் கலைஞர்கள் வியந்து கேட்ட அந்தத் தாளத்தின் பின்னால் இவ்வளவு இரத்தம் இருந்தது என்பதை இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் மறக்கலாகாது.

1979இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ஐ ஸிம்ப்ரா’. பொருளற்ற ஒலிகளால் ஹியூகோ பால் எழுதிய டாடா கவிதையை ஆப்பிரிக்கச் சாயலுள்ள தாளத்தின்மேல் பலரும் சேர்ந்து பாடுகிறார்கள். தனிமனிதன் ‘நான்’ என்று புலம்பும் பாட்டிலிருந்து குழு விலகிய முதல் அடி அது. அதே காலத்தில் பர்னும் ஈனோவும் தனியாக ‘மை லைஃப் இன் தி புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்’ என்ற ஆல்பத்தில் இறங்கினார்கள். வானொலியில் பதிவுசெய்த மதப் பிரசங்கிகளின் குரலையும் பிறநாட்டுப் பாடகர்களின் குரலையும் தாளத்தின்மேல் ஒட்டிப் பார்த்தார்கள். அதன் தலைப்பு நைஜீரிய எழுத்தாளர் ஏமோஸ் டுட்டுவோலா 1954இல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுத்தது. குரல்களுக்கு அனுமதி பெறுவதில் சிக்கல் வந்ததால் அது தாமதமாகி 1981இல்தான் வெளியானது. ஆகவே பின்னால் செய்த ‘ரிமெய்ன் இன் லைட்’ முன்னால் வந்தது. இந்த வரிசைமாற்றத்தைக் கவனிக்காவிட்டால் எது எதற்கு வித்து என்பது குழம்பிப்போகும்.

நாசோ, 1980: இசை பின்னப்பட்ட விதம்

1980 கோடையில் குழுவும் ஈனோவும் பஹாமாஸ் தீவின் நாசோ நகரிலுள்ள காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவில் கூடினார்கள். ஐலண்ட் நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் 1977இல் தொடங்கிய கூடம் அது. அதற்கு முன் ஃபிரான்ட்ஸும் வேமத்தும் கரீபியன் தீவுகளில் விடுமுறையைக் கழித்து, ஹெய்ட்டியின் தாள வழிபாட்டு இசையைக் கேட்டுத் திரும்பியிருந்தார்கள். பர்னுக்கோ அப்போது எழுத வரவில்லை. கையில் ஒரு பாட்டுக்கூட இல்லாமல் ஸ்டூடியோவுக்குப் போவது என்று முடிவாயிற்று. எழுதிய பாட்டைப் பதிவுசெய்வது வழக்கம். இங்கே பதிவுசெய்வதே பாட்டை எழுதும் முறையானது.

முறை இதுதான். இருவரோ மூவரோ சேர்ந்து ஒரு சிறு துண்டை வாசிக்கத் தொடங்குவார்கள். பிடித்த துண்டு அமைந்ததும் அதையே மாறாமல் பல நிமிடங்கள் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். அதன்மேல் இன்னொருவர் இன்னொரு துண்டைச் சேர்ப்பார். கணினியில் ஒரு துண்டை வெட்டி ஓட்டிக்கொண்டே இருக்கும் வசதி அன்று இல்லை. மனிதக் கைகள்தான் அந்த வேலையைச் செய்தன. பல தடங்கள் நிறைந்த பிறகு, மிக்சிங் மேசையில் சிலவற்றை நிறுத்தியும் சிலவற்றைத் திறந்தும் பாட்டுக்கு உருவம் கொடுத்தார்கள். சுரக்கூட்டு மாறி மாறிப் போய்ப் பல்லவியில் வந்து அடையும் மேற்கத்திய வழக்கு இங்கே கிட்டத்தட்ட இல்லை. பாட்டு முழுவதும் ஒரே சுரக்கூட்டின்மேல் நிற்கும். நகர்வு முழுவதும் ஒலிகளின் அடர்த்தியிலிருந்து வருகிறது. எது புகுகிறது, எது விலகுகிறது என்பதே கதை.

ஜமைக்காவின் ‘டப்’ கலைஞர்கள் மேசையையே வாத்தியமாக வாசித்து இந்த உத்தியை ஏற்கெனவே வளர்த்திருந்தார்கள். தொடக்கத்தில் ஒலிப்பதிவைக் கவனித்த ரெட் டேவிஸ் இடையில் விலகவே, டேவ் ஜெர்டனும் ஜமைக்காவின் ஸ்டீவன் ஸ்டான்லியும் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். லாகோஸின் நெசவும் கிங்ஸ்டனின் மேசைக் கலையும் நியூயார்க்கின் பதற்றமும் ஒரே தீவில் சந்தித்தன என்றால் அது மிகையல்ல.

இம்முறையில் தாளம் எவ்வளவு நுட்பமான சிக்கலாகியது என்பதற்கு ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ சான்று. தாளத்தின் முதல் அடி எங்கே விழுகிறது என்பதை ஈனோ மற்றவர்களிடமிருந்து வேறுபட்டுக் கேட்டார். அவர் தன் கணக்கிலேயே பகுதிகளைச் சேர்க்க, இரண்டு கணக்குகளும் ஒரே பாட்டுக்குள் நின்றன. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது எளிதில் விளங்கும். ஆவர்த்தனம் ஒன்றுதான்; ஆனால் எடுப்பு எந்த இடம் என்பதில் இருவர் இரு கருத்தோடு இருக்கிறார்கள், இருவரையும் தாளம் தாங்குகிறது. கேட்பவருக்குக் காலடியில் தரை இலேசாக நழுவுவது போன்ற உணர்வு அந்தப் பாட்டில் ஏற்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டில் எதுவும் மாறாமல் இருக்கிறதே என்று ஈனோ அதைக் கைவிடும் நிலைக்குப் போனார். பர்ன் அதை நம்பினார். வானொலிப் பிரசங்கிகளின் ஏற்ற இறக்கத்தில் பேச்சாகவே அதன் சரணங்களை எழுதினார். கைவிடப்பட இருந்த அந்தத் தடம்தான் குழுவின் மிகப் புகழ்பெற்ற பாட்டானது.

சொல் கடைசியில் வந்தது

தாளத் தடங்கள் நிறைவடைந்த பின்னரே சொல் வந்தது. நியூயார்க்கின் சிக்மா சவுண்ட் ஸ்டூடியோவில் குரல்களும் கூடுதல் வாத்தியங்களும் பதிவாயின. பர்ன் முதலில் பொருளற்ற ஒலிகளைத் தாளத்தின்மேல் பாடிப் பார்ப்பார். எந்த அசை எங்கே உட்காருகிறது என்று தெரிந்த பிறகு அந்த அசைகளுக்குப் பொருந்தும் சொற்களைத் தேடுவார். மெட்டுக்குப் பாட்டெழுதும் மரபை அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் பாடலாசிரியரின் சொந்த அனுபவமே பாட்டின் உயிர் என்று நம்பிய ராக் உலகில் இது ஒரு துணிச்சல். விளைவாக, பாட்டில் ‘நான்’ என்று பேசும் குரல் ஒரே ஆளாக இருப்பதில்லை. ஒரு பாட்டில் அது அரசு ஊழியன். மற்றொன்றில் நடுவயதில் தன் வீட்டையே அடையாளம் தெரியாமல் திகைப்பவன். ‘லிசனிங் விண்ட்’ பாட்டில், தன் மண்ணில் வந்து தங்கிவிட்ட அமெரிக்கர்களை எதிர்த்து வெடிகுண்டு அனுப்பும் ஒருவனின் உள்ளத்துக்குள் பாட்டு நுழைகிறது. ஓர் அமெரிக்கக் குழு 1980இல் அப்படியொருவனைக் கண்டனமின்றிப் புரிந்துகொள்ள முயன்றது இன்றும் அசைத்துப்போடுகிறது.

பல குரல்கள் என்ற கொள்கை பாட்டின் கட்டமைப்பிலும் இருக்கிறது. ‘தி கிரேட் கர்வ்’ பாட்டில் வெவ்வேறு குரல் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடுகின்றன. நோனா ஹென்ட்ரிக்ஸின் குரல், ஏட்ரியன் பெலூவின் யானைப் பிளிறல் போன்ற கிட்டார், ஜான் ஹாசலின் மூச்சு நிறைந்த டிரம்பெட் ஆகியவை ஆல்பத்தில் பின்னால் சேர்ந்தவை. ‘கிராஸ்ஐட் அண்ட் பெயின்லெஸ்’ பாட்டின் பேச்சுப் பகுதிக்கு, அந்த ஆண்டு வெளிவந்த குர்டிஸ் புளோவின் ராப் தட்டு தூண்டுகோல். அதை பர்னுக்குக் கேட்கக் கொடுத்தவர் ஃபிரான்ட்ஸ்.

தன் சிந்தனைக்கு வழிகாட்டிய நூல்களையும் பர்ன் மறைக்கவில்லை. கானா நாட்டில் மத்தளக்காரர்களிடம் மாணவராக இருந்த ஜான் மில்லர் செர்னாஃப் 1979இல் வெளியிட்ட ஆய்வு, ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன் 1974இல் வெளியிட்ட ஆப்பிரிக்கக் கலை பற்றிய நூல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. தனித்தனித் தாளங்கள் ஒன்றுக்கொன்று இடம்விட்டுப் பேசிக்கொள்ளும்போதுதான் இசை பிறக்கிறது. அந்த உரையாடலே ஒரு சமூக ஒழுக்கம் என்பது செர்னாஃபின் மையக் கருத்து. ஆல்பத்தோடு பத்திரிகைகளுக்கு அனுப்பிய குறிப்பில் நூற்பட்டியலே இணைக்கப்பட்டிருந்தது. ராக் தட்டு ஒன்றுக்கு நூற்பட்டியல் என்பது அன்று பலருக்கு வினோதமாகப் பட்டது. கடன் வாங்கியவர் கடன் கொடுத்தவரைச் சொல்ல வேண்டும் என்ற அறம் அதில் இருந்தது. ஆனால் பட்டியலில் இருந்தவை ஆப்பிரிக்க இசையைப் பற்றி எழுதியவர்களின் நூல்கள். அந்த இசையை வாசித்தவர்களுக்கு உறையில் அதே இடம் கிடைக்கவில்லை.

உறையில் எத்தனை பெயர்

ஆல்பத்தின் உறை தன்னளவில் ஓர் ஆவணம். அதன் படங்களை வேமத்தும் ஃபிரான்ட்ஸும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து கணினியில் உருவாக்கினார்கள். டிபோர் கால்மனின் வடிவமைப்பு நிறுவனம் அதை முடித்துக் கொடுத்தது. முன்பக்கத்தில் நால்வரின் முகங்கள், சிவப்பு வண்ணத்தால் முகமூடி போல மறைக்கப்பட்டவை. குழுவின் பெயரில் ‘ஏ’ எழுத்துகள் தலைகீழாக நிற்கும். பின்பக்கத்தில் மலைத்தொடரின்மேல் போர் விமானங்கள் பறக்கின்றன. கடற்படையில் பணியாற்றிய வேமத்தின் தந்தைக்கு அது மரியாதை.

முன்பக்கத்தில் முகங்கள் நான்கு. முதல் அச்சின் உரிமைக் குறிப்பிலோ பாடல்கள் பெரும்பாலும் பர்ன், ஈனோ என்ற இரண்டே பெயர்களின் கீழ் வந்தன. இரண்டு பாட்டுகளில் மட்டும் ஹாரிசனின் பெயர் சேர்ந்தது. கூட்டாக வாசித்துக் கண்டெடுத்த இசை என்று நம்பியிருந்த ஃபிரான்ட்ஸுக்கும் வேமத்துக்கும் இது ஆறாத காயமானது. பின்வந்த பதிப்புகளில் குழுவினர் அனைவருக்கும் உரிமை குறிக்கப்பட்டாலும், முதல் அச்சு உண்டாக்கிய எண்ணம் நீடித்தது. பர்னின் மேதைமையும் ஈனோவின் மூளையும் சேர்ந்து செய்த சாதனை, மற்றவர்கள் வாசித்துக் கொடுத்தார்கள் என்ற சுருக்கமான கதை விமர்சன எழுத்தில் வேரூன்றியது. குழுவோடு ஈனோவின் பணியும் இந்த ஆல்பத்தோடு முடிந்தது.

இங்கே ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. பாட்டு என்றால் மெட்டும் சொல்லும் என்பது மேற்கத்திய உரிமைச் சட்டத்தின் பழைய அளவுகோல். பேஸ் கிட்டாரின் ஒரு சுழற்சியையும் டிரம்ஸின் ஓட்டத்தையும் அது இசையமைப்பாகக் காண்பது அரிது. நாசோவில் பிறந்த பாட்டுகளுக்கோ அந்தச் சுழற்சியும் ஓட்டமும்தான் உடல். கூட்டுப் படைப்பைத் தனியுரிமைப் படிவத்தில் நிரப்பப் போனபோது படிவத்தில் இடம் போதவில்லை.

மேடையும் வரவேற்பும்

நால்வரால் இந்த நெசவை மேடையில் வாசிக்க இயலாது. ஆகவே குழு பெருகியது. ஃபங்க் உலகின் பெர்னி வொரெல், பேஸ் வாசிக்க பஸ்டா ஜோன்ஸ், தாளக் கருவிகளுக்கு ஸ்டீவ் ஸ்கேல்ஸ், குரலுக்கு டோலெட் மெக்டொனால்ட், கிட்டாருக்கு பெலூ என்று, புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் கலைஞர்களாக இருந்த பெருங்குழு 1980 ஆகஸ்ட் 23இல் கனடாவில் டொரொன்டோ அருகே நடந்த ஹீட்வேவ் விழாவில் முதன்முறையாக மேடையேறியது. வெள்ளையர் ராக், கறுப்பர் ஃபங்க் என்று வானொலி நிலையங்கள் வகுத்திருந்த எல்லை அந்த மேடையில் அர்த்தமிழந்தது. 1983 டிசம்பரில் ஹாலிவுட்டில் படமாக்கப்பட்டு, ஜோனதன் டெம்மியின் இயக்கத்தில் 1984இல் வெளிவந்த ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ படம் இந்தப் பெருங்குழுவின் வழித்தோன்றலே.

விற்பனையில் ஆல்பம் நடுத்தர வெற்றி பெற்றது. அமெரிக்கப் பட்டியலில் 19ஆம் இடம், பிரிட்டனில் 21ஆம் இடம். ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ 1981இல் பிரிட்டனில் 14ஆம் இடத்துக்கு வந்தது. டோனி பேசிலும் பர்னும் இயக்கிய அதன் காணொளி, அதே ஆண்டு தொடங்கிய எம்டிவியில் அடிக்கடி ஒளிபரப்பாகி, பாட்டின் புகழைப் பட்டியல் காட்டும் எண்ணைத் தாண்டிக் கொண்டுபோனது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நாட்டின் ஒலிப்பதிவுக் காப்பகத்துக்கான 2016ஆம் ஆண்டுத் தேர்வில் இந்த ஆல்பத்தைச் சேர்த்தது.

மறுவெளியீடு சொல்வது என்ன

2005-06 மறுவெளியீட்டின் பொறுப்பை ஏற்றவர் ஹாரிசன். ஒலிப்பொறியாளர் ஈ. டி. தார்ன்கிரெனோடு சேர்ந்து அவர் ஆல்பங்களைப் பல திசை ஒலிக்கும் கலந்து அமைத்தார். ஒரு பக்கம் சாதாரணக் குறுவட்டாகவும் மறுபக்கம் டிவிடியாகவும் இயங்கும் வட்டுகளாக அவை வந்தன. பழைய பதிவை இரு ஒலிபெருக்கிகளுக்கு ஏற்ப மெருகேற்றுவது ஒரு வேலை. ஐந்து திசைகளிலிருந்து ஒலிக்கும்படி மறுபடி கலப்பது வேறு வேலை. இரண்டாவதற்கு மூலத் தடங்களையே பிரித்தெடுத்தாக வேண்டும். ஒன்றாகக் கெட்டித்திருந்த ஒலி அவிழ்ந்து, ஒவ்வொரு துண்டும் தனக்குரிய மூலையிலிருந்து ஒலிக்கும்போது, எந்தக் கை எதை வாசித்தது என்பது காதுக்குத் துலங்குகிறது. அவ்வகையில் அந்தக் கலவையே ஒரு விளக்கவுரை.

இனி நிறைவுறாத நான்கு தடங்கள். ஒவ்வொன்றும் நான்கைந்து நிமிடம். நிறைவு பெற்ற பாடல்வரிகள் இவற்றில் இல்லை. அந்த வெறுமையே இவற்றின் சான்று மதிப்பு. அச்சான ஆல்பத்தைக் கேட்பவரின் கவனத்தை பர்னின் குரல் இழுத்துக்கொள்கிறது. அதனால் அவரே ஆக்கியோன் என்ற எண்ணம் தானாக உண்டாகிறது. இந்த நான்கிலும் அந்தத் திரை விலகுகிறது. கேட்பது நால்வரும் ஈனோவும் ஒருவருக்கொருவர் இடம்விட்டு வாசிக்கும் உரையாடல். பேஸ் ஒரு வாக்கியம் சொல்கிறது, டிரம்ஸ் அதை ஏற்கிறது, கிட்டார் குறுக்கிடுகிறது. சொல் வருவதற்கு முன்பே இசை முழுமையின் அருகில் நிற்கிறது.

‘ரைட் ஸ்டார்ட்’ இவ்வகையில் மிக முக்கியமானது. ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ பாட்டின் முன்வடிவம் அது. பிரசங்கியின் குரல் இல்லை, எல்லோரும் சேர்ந்து பாடும் பல்லவி இல்லை. ஆனாலும் தாளம் தொடங்கிய சில நொடிகளில் பாட்டை அடையாளம் கண்டுவிடலாம். ஒரு பாட்டைச் சொல்லும் மெட்டும் இல்லாமலே அடையாளம் காண முடியுமானால், அந்தத் தாளத்தைக் கண்டெடுத்தவர்களையும் ஆசிரியர் என்றுதானே அழைக்க வேண்டும்? உரிமைப் படிவத்தில் கால் நூற்றாண்டாக நீடித்த வாதத்துக்கு இந்தத் தடம் சாட்சி சொல்கிறது. பர்ன் எழுதிய சொல்லின் பெருமையை இது குறைக்கவில்லை. முன்வடிவத்தையும் முழுவடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால், அவர் எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பதும் அதே அளவு தெளிவாகத் தெரியும். எங்கிருந்து கொண்டுபோனார் என்பதுதான் இதுவரை மறைந்திருந்தது.

‘ஃபெலாஸ் ரிஃப்’ மற்றொரு கேள்விக்கு விடை தருகிறது. ரிஃப் என்பது சுழன்று வரும் இசைத் துண்டு. வேலை நடந்தபோது தடத்தை அடையாளம் காண இடப்பட்ட பெயர் அது. ஸ்டூடியோவில் யாரை நினைத்து வாசித்தார்கள் என்பதை அந்தப் பெயர் ஒளிக்காமல் சொல்கிறது. 1980 உறையில் அச்சான எட்டுத் தலைப்புகளிலும் ஃபெலாவின் பெயர் இல்லை. பேட்டிகளில் அவரைச் சொன்னார்கள், வாழ்த்தினார்கள். ஆனால் பேட்டி மறக்கப்படும். உறை தட்டோடு தங்கும். 1997இல் ஃபெலா இறந்துவிட்டார். அதற்குப் பிறகே, மறுவெளியீட்டின் பாட்டுப் பட்டியலில், குழுவின் சொந்த வட்டில், அவருடைய பெயர் அச்சேறியது. தாமதமான ஒப்புதல்தான், ஆயினும் ஒப்புதல்.

திரும்பிச் சென்ற தாளம்

மறுவெளியீடு என்பது நிறுவனம் மட்டும் செய்வதல்ல. கலைஞர்களும் தம் வழியில் பழைய ஆல்பத்தை மறுபதிப்புச் செய்கிறார்கள். 1996இல் அட்லாண்டாவில் ஃபிஷ் குழு ‘ரிமெய்ன் இன் லைட்’ முழுவதையும் மேடையில் வாசித்தது. அதைவிட ஆழமான மறுபதிப்பு 2018இல் வந்தது.

பெனின் நாட்டில் பிறந்த ஆஞ்செலிக் கிட்ஜோ 1983இல் பாரிஸுக்குப் புலம்பெயர்ந்தார். அங்கே ஒரு நாள் ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ காதில் விழுந்தது. இது ஆப்பிரிக்க இசை என்று அவர் சொன்னார். உடன் இருந்தவர்கள் மறுத்தார்கள். பாட்டின் பெயரோ குழுவின் பெயரோ அவருக்குத் தெரியாது. தாளம் மட்டும் தெரிந்திருந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்த எட்டுப் பாட்டுகளையும் தன் மரபின் தாளங்களாலும் காற்றுக்கருவிகளாலும் மறுபடி கட்டி, தாய்மொழிச் சொற்களையும் இழைத்துத் தனி ஆல்பமாக வெளியிட்டார். நியூயார்க்கில் சற்றே அந்நியமாக, பதற்றத்தோடு ஒலித்த பாட்டுகள் அவர் குரலில் வீட்டுக்கு வந்தவை போல ஒலிக்கின்றன. ஊழல், நில அபகரிப்பு, பெண்ணின் வலிமை என்று பாட்டுகளின் பொருளும் ஆப்பிரிக்க வாழ்வில் காலூன்றிக்கொள்கிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்காவில் ஃபங்கைப் படைத்தார்கள். அதை ஃபெலா லாகோஸுக்குக் கொண்டுபோய் ஆஃப்ரோபீட் ஆக்கினார். அது லண்டனில் ஒரு தட்டாகச் சுழன்று, நாசோவில் நியூ வேவ் ஆயிற்று. பாரிஸில் ஒரு பெனின் பெண்ணின் செவிக்கு எட்டி, மறுபடி ஆப்பிரிக்கக் குரலானது. இந்தச் சுற்றில் ஒவ்வொரு கையும் வாங்கியது. ஒவ்வொரு கையும் சேர்த்தது. வாங்கினார்கள் என்பதால் மட்டும் ஒரு படைப்பு களவு ஆகிவிடாது. சேர்த்தார்கள் என்பதால் மட்டும் கடன் தீர்ந்தும் விடாது. கடனைத் தீர்ப்பதற்குக் கலையில் உள்ள முதல் வழி, வாங்கிய இடத்தின் பெயரைத் தட்டிலேயே எழுதி வைப்பது.

முடிவுரை

‘ரிமெய்ன் இன் லைட்’ வரலாற்றை இதுவரை பார்த்ததிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, இந்த ஆல்பம் ஓரிரு மேதைகளின் படைப்பு என்ற கதை, முதல் அச்சின் உரிமைக் குறிப்பிலிருந்து பிறந்து வளர்ந்தது. நிறைவுறாத தடங்கள் அதற்கு எதிரான நேரடிச் சான்று. இரண்டு, ஆப்பிரிக்க இசையிடம் பட்ட கடன் நூற்பட்டியலில் வெளிப்பட்டும் தலைப்புகளில் வெளிப்படாமலும் இருந்தது. மறுவெளியீடு அந்தக் குறையை ஓரளவு நேர்செய்தது. மூன்று, செப்பமான இறுதி வடிவத்தை மட்டும் காத்துவைக்கும் காப்பகம் போதாது. கைவிடப்பட்ட தடங்களும், வேலைக்காக இட்ட பெயர்களும், கலப்பதற்கு முந்தைய ஒலிநாடாக்களும் எந்த நாட்டு இசைக்கும் மூலாதாரங்கள். அவற்றைக் குப்பையாக எண்ணித் தூக்கி எறிந்தால், யார் ஆக்கினார்கள் என்ற கேள்விக்கு உறையில் அச்சான விடை மட்டுமே மிஞ்சும்.

கிட்ஜோவின் 2018 ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்தவர் டோனி ஆலன். 1973இல் ‘அஃப்ரோடிசியாக்’ தட்டில் ஃபெலாவின் பின்னால் அமர்ந்து வாசித்த அதே கைகள். ஈனோ லண்டனில் போட்டுக் காட்டியது அந்தக் கைகளின் ஒலியைத்தான். நாசோவில் நால்வரும் தேடியதும் அதைத்தான். 45 ஆண்டுகள் கழித்து அந்தப் பாட்டுகளுக்கு அவரே வந்து வாசித்தார். இம்முறை வட்டின் கலைஞர் பட்டியலில் அவருடைய பெயரும் இருந்தது.